கரைவீச்சுக்கு முதல் மல்டிபிளையர் ரீல் எது?

ஸ்பின்னிங் ரீலில் பழகிய நீங்கள், கடற்கரையிலிருந்து தூண்டில் வீசி மீன்பிடிக்க முதல் மல்டிபிளையர் ரீல் எது என்று கேட்கிறீர்கள். பிரிட்டன் கரைகளில் நெடுங்காலம் பேர்பெற்ற அபு நிறுவனத்தின் ஆம்பசடர் 6500 அளவில், வெளியிலிருந்தே திருகும் காந்தத் தடையுள்ள ரீலை வாங்குங்கள்.

மல்டிபிளையரில் வீசும்போது, தூண்டில் நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூலே சுழல்கிறது. நுனியில் கட்டிய ஈய எடையின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் வேகமாக ஓடினால் நரம்பு பொங்கிச் சிக்கிவிடும். காந்தம் அதை அடக்கும். சுழற்சியில் வெளிநோக்கித் தள்ளப்படும் சிறு கட்டைகள் உரசி அடக்கும் மையவிலக்குத் தடையென்றால், அந்தக் கட்டைகளை மாற்றப் பக்கத் தட்டைக் கழற்ற வேண்டும். இருட்டில், மணலில் அது பெரும் தொல்லை.

150 கிராம் ஈயத்துக்கு 60 பவுண்டு தாங்கும் முன்நரம்பு, அதாவது வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க முன்னால் கட்டும் தடித்த நரம்பு, கட்டாயம். அதை முதன்மை நரம்போடு இணைக்கும் முடிச்சை ஸ்பூலின் ஓரத்தில் ஒதுக்குங்கள். கட்டைவிரலடியில் ஓடினால் தோல் கிழியும். முதல் நாள் காந்தத்தை முழுதாக வைத்து நிதானமாக வீசுங்கள். ஈயம் தண்ணீரைத் தொட்டதும் ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்த மறவாதீர்கள்.