பன்றிக் காய்ச்சல்: குட்டிக்கு எந்த ஊசி, எந்த வயதில்?

கேள்வி: தாய்ப்பன்றிகள் அனைத்துக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறோம். குட்டிகளுக்கு மூன்றாவது வாரத்தில் முயல் வழித் தடுப்பூசி (முயலின் உடலில் வைரஸை வளர்த்துத் தயாரிப்பது) போட்டோம். இருந்தும் மூன்று மாத வயதில் பன்றிக் காய்ச்சல் (பன்றிகளைத் தாக்கும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்; மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் அல்ல) வந்துவிட்டது. ஆய்வகத்தில் செல்களில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கும் செல் வளர்ப்பு ஊசியாக இருந்தால் தப்பியிருக்குமா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பிசகியது வயதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உயிருள்ள தடுப்பூசி உடலுக்குள் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி பிறக்கும். தடுப்பூசி போட்ட தாயின் சீம்பாலைக் குடித்த குட்டியின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் நிறைய இருக்கும். அது ஊசி வைரஸைப் பெருகவிடாமல் மடக்கிவிடும். பிறகு அந்த எதிர்ப்பொருளும் கரைந்துபோக, குட்டி காப்பில்லாமல் நிற்கிறது. இப்படிப்பட்ட குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்துக்குள் போடுவதே பயன் தரும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, உலகளவில் இரண்டு வகையிலும் பரவலாக இருப்பது ‘சி’ ஸ்ட்ரெயின்தான். 1950களில் சீனாவில், முயலிலிருந்து முயலுக்கு நூற்றுக்கணக்கான முறை ஏற்றி வீரியம் குறைத்த வைரஸ் அது. நல்ல மருந்தாக இருந்தால் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் காப்பு வந்துவிடும். முயலின் மண்ணீரலை அரைத்துத் தயாரிக்கும்போது ஒரு முயலுக்குச் சுமார் ஐம்பது டோஸ்களே தேறும், தொகுதிக்குத் தொகுதி வீரியமும் மாறும். செல் வளர்ப்பில் அளவு சீராக வரும். ஆகவே இரண்டும் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. செல்லுக்கு ஊட்டும் கன்றுச் சீரத்தின் வழியாக, பன்றிக் காய்ச்சல் வைரஸின் பேரினத்தையே சேர்ந்த மாட்டு வைரஸான பிவிடி கலந்துவிடலாம். அந்தச் சோதனை செய்து விற்கும் மருந்துதானா என்று கேளுங்கள்.

‘சி’ ஸ்ட்ரெயின் போட்ட பன்றியையும் நோய் வந்து தேறிய பன்றியையும் எதிர்ப்பொருள் சோதனையில் பிரிக்க முடியாது. அப்படிப் பிரிப்பதற்கென்றே பிவிடி வைரஸில் பன்றிக் காய்ச்சல் வைரஸின் மேலுறைப் புரதமான இ2-வைப் பொருத்தி உருவாக்கிய உயிருள்ள ஊசி, 2015-ல் ஐரோப்பாவில் உரிமம் பெற்றது.

கேள்வி: கரைத்து மீந்த மருந்தை மறுநாள் போடலாமா?

பதில்: கூடாது. குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கரைப்பானையும் குளிர வைத்து, கரைத்த மருந்தை ஐஸ் பெட்டியிலேயே வைத்து, லேபிளில் சொன்ன நேரத்துக்குள் முடியுங்கள். சிரிஞ்சை ஸ்பிரிட்டிலோ கிருமிநாசினியிலோ கழுவினால் ஒட்டியிருக்கும் சொட்டே ஊசி வைரஸைக் கொன்றுவிடும். கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். பன்றிக்கொரு ஊசி முனை அவசியம். காய்ச்சல் உள்ளதற்குப் போடாதீர்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும் இது தடுக்குமா?

பதில்: தடுக்காது. அது வேறு குடும்பத்து வைரஸ். அறிகுறிகளை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், தடுப்பூசி போட்ட மந்தையில் திடீர்ச் சாவு வந்தால் பிசிஆர் சோதனை முடிவு வரும்வரை ஒரு பன்றியையும் வெளியே விற்காதீர்கள்.