சிஸ்டர், ஒரு கேள்வி

அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளிகளில் கணக்கு ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவர், துறவற இல்ல வாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

காலையில் பள்ளி வாசலில் சிஸ்டர்களைப் பார்க்கிறோம். மாலையில் மடத்துக் கேட் மூடிக்கொள்கிறது. உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்?
– வாசகி, கும்பகோணம்

வீட்டுக்கு வீடு நேரம் கொஞ்சம் மாறும். நான் இருந்த வீடுகளில் நாலே முக்காலுக்கு எழுப்பும் மணி. ஐந்தேகாலுக்குள் எல்லோரும் சிற்றாலயத்தில் இருப்போம். இரண்டு பக்கமாகப் பிரிந்து திருப்பாடல்களை மாறி மாறிச் சொல்லும் காலைப் புகழ், அரைமணி நேரத் தியானம், பிறகு பங்குக் கோயிலில் திருப்பலி. ஏழரைக்குச் சாப்பிட்டால்தான் எட்டேகாலுக்குப் பள்ளியில் நிற்க முடியும். மாலை திரும்பியதும் ஒரு டம்ளர் டீ, துணி துவைப்பது, செடிகளுக்குத் தண்ணீர், அப்புறம் விடுதிப் பிள்ளைகளின் படிப்பு நேரம். ஏழு மணிக்கு ஜெபமாலையும் மாலைப் புகழும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம். அதை ரிக்ரியேஷன் என்போம். ஒருவர் மறுநாளைக்குக் கீரை ஆய்வார், ஒருவர் பரீட்சைத் தாள் அடுக்குவார், வயதான சகோதரி யாராவது பழைய பள்ளிக்கதை சொல்வார். அதன்பிறகு மௌனம். மறுநாள் காலை ஜெபம் வரை அவசியமில்லாமல் யாரும் பேசுவதில்லை.

சமையலுக்கு ஆள் வைத்திருக்கும் மடங்கள் உண்டு. நாங்கள் பெரும்பாலும் முறைபோட்டுச் சமைத்தோம். நாகர்கோவில் பக்கத்துச் சிஸ்டரின் முறை வந்தால் மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றியிருப்பார். செய்யாறு பக்கத்துச் சிஸ்டரின் முறையில் அதே மீன் புளியிலும் மிளகாயிலும் கொதிக்கும். இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் தட்டை நீட்டப் பழகுவதும் எங்கள் பயிற்சிதான்.

இத்தனை பெண்கள் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். சண்டையே வராதா?
– வாசகர், விருத்தாசலம்

வரும். பெரிய கொள்கைகளுக்காக நாங்கள் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. மின்விசிறிக்காக வந்திருக்கிறது. எழுபது வயதுச் சகோதரிக்கு அந்தக் காற்று பட்டால் மூட்டு வலிக்கும். பள்ளியிலிருந்து வியர்த்து வருகிற முப்பது வயதுச் சகோதரிக்கு அது இல்லாமல் ஜெபத்தில் உட்காரவே முடியாது. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் தீர்ப்பது கஷ்டம்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது அனேகமாகத் தெரியாது. நான் இருந்த ஒரு வீட்டில் இல்லத் தலைவி, பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. தலைமையாசிரியையும் அதே வீட்டுச் சகோதரி. பகலில் இல்லத் தலைவி தற்செயல் விடுப்புக்குத் தலைமையாசிரியையிடம் விண்ணப்பம் நீட்டுவார். மாலையில் அதே தலைமையாசிரியை, உடம்பு சரியில்லாத தன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்வரட்டுமா என்று இல்லத் தலைவியிடம் அனுமதி கேட்பார். பள்ளியில் எல்லோர் முன்னாலும் ஒருவர் கேட்ட விளக்கம் இன்னொருவர் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும். அந்த இரவே எதிரெதிரே உட்கார்ந்து ரசப் பாத்திரத்தை நகர்த்திக் கொடுக்க வேண்டும். துறவு ஏற்கும்போது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கை வார்த்தைப்பாடு என்போம். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டுக்கு இப்படிப்பட்ட இரவுகளில்தான் சோதனை.

என்ன செய்வோம்? பொழுது சாய்வதற்குள் கோபம் தணிய வேண்டும் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதினார். எல்லா நாளும் அது முடிவதில்லை. மாதம் ஒரு நாள் மௌனத் தியானம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை எட்டு நாள் தியானம் உண்டு. இல்லக் கூட்டத்தில் மனதில் இருப்பதைச் சொல்லலாம், ஆனால் அந்த ஆளைப் பார்த்தே சொல்ல வேண்டும். அவர் இல்லாத இடத்தில் சொல்லக்கூடாது. கோபப்பட்டுப் பேசும் வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேச்சை நிறுத்திக்கொண்ட வீட்டைப் பற்றித்தான் கவலை.

ஏனென்றால் அது நேராக வகுப்பறைக்குப் போகிறது. மடத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாத வாரத்தில் பள்ளியில் அந்த இரண்டு பேரின் குரலும் உயரும். ஒரு சின்னக் கூட்டல் பிழைக்குப் பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பார்கள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "இன்னிக்கு சிஸ்டர்கிட்ட போகாதே" என்று ஒருத்தி அடுத்தவள் காதில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பள்ளி தேடும் பெற்றோர் தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிறார்கள், கட்டடத்தைப் பார்க்கிறார்கள். சேர்க்கைக்குப் போகும்போது ஒரு பத்து நிமிஷம் வராந்தாவில் உட்கார்ந்து, அங்கே சிஸ்டர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், ஆயாம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளையிடமும் அப்படித்தான் பேசுவார்கள்.

அரசு சம்பளம் வாங்கும் சிஸ்டர்களின் பணம் எங்கே போகிறது? வரி கட்டமாட்டார்கள் என்று சொல்கிறார்களே?
– வாசகர், சேலம்

உதவிபெறும் பள்ளியில் வேலை செய்யும் சகோதரிக்கு மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள அதே சம்பளம்தான். அது அவர் பெயரில் வரும், அவர் அதைத் தன் துறவற சபையிடம் ஒப்படைப்பார். ஓய்வூதியமும் அப்படியே. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் சம்பாதிப்பது சபைக்கு என்பது திருச்சபைச் சட்டம். அந்தப் பொதுப் பணத்தில்தான் படுத்த படுக்கையாக இருக்கும் மூத்த சகோதரிகளின் மருந்து, பயிற்சியில் இருக்கும் இளையவர்களின் படிப்பு, கட்டணம் கட்ட முடியாத விடுதிப் பிள்ளைகளின் அரிசி எல்லாம் நடக்கும். எனக்கு பஸ்ஸுக்குப் பணம் வேண்டுமென்றால் கேட்டு வாங்குவேன், மாதக் கடைசியில் கணக்கு எழுதிக் கொடுப்பேன்.

வரி விஷயம் நீங்கள் கேள்விப்பட்டது பழைய நிலை. 1944ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைச் சார்ந்து, சபைக்கே போய்விடும் பணம் என்பதால் துறவியரின் சம்பளத்தில் வரி பிடிக்காமல் இருந்தார்கள். 2014இல் வருமான வரித்துறை பிடித்தம் செய்யச் சொன்னது. வழக்குப் போனது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்சும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் வரிப் பிடித்தம் சரியே என்று சொல்லிவிட்டன. சம்பளம் தனிநபருக்குத் தரப்படுகிறது, அதை அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்பதுதான் அதன் அடிப்படை. எங்களில் சிலருக்கு வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. அரசுப் பணத்தில் கற்பித்தோம், பக்கத்து மேசை டீச்சர் கட்டிய வரியை நாங்களும் கட்டுவதில் குறைவில்லை.

கான்வென்ட் என்றாலே எனக்கு ஸ்கேல் அடிதான் ஞாபகம் வருகிறது. கணக்கு என்றால் இன்றும் கை நடுங்கும். ஏன் அப்படி அடித்தார்கள்?
– வாசகி, நெய்வேலி

அம்மா, உங்களுக்கு நடந்தது தவறு. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி நான் அதை மூடமாட்டேன். வீட்டிலும் அடித்தார்கள், எல்லாப் பள்ளியிலும் அடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் இயேசுவின் பெயரைச் சொல்லி வந்தவர்கள் மற்றவர்களைப் போல இருந்ததற்கு அது சமாதானம் ஆகாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் வந்தபிறகு ஸ்கேல் கீழே போனது. கேலிப் பேச்சு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதுவும் அடிதான்.

கணக்கைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? பத்தாம் வகுப்பில் தோற்கும் பெண்ணுக்கு அல்ஜீப்ரா வராது என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை அனேகமாக அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே வகுத்தலும் பின்னமும் விட்டுப்போயிருக்கும். அம்மா காட்டுவேலைக்குப் போன அறுவடைக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பாள். அந்த மாதத்தில்தான் பள்ளியில் பின்னம் நடத்தியிருப்பார்கள். திரும்பி வந்தபோது யாரும் சொல்லித்தரவில்லை, கேட்கவும் பயம். அதனால் ஜூன் மாதம் பாடப்புத்தகத்தைத் திறக்காமல் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வகுத்தலையும் பின்னத்தையும்தான் எடுப்பேன். எழுதிப் பார்க்க ஒவ்வொருத்திக்கும் சிலேட்டு. தப்பென்றால் அவளே அழித்துவிடலாம், நோட்டில் சிவப்பு மை விழாது. போர்ஷன் பின்தங்குகிறது என்று தலைமையாசிரியை கவலைப்படுவார். ஆகஸ்டுக்குள் பிடித்துவிடுவோம். உங்களுக்கும் இன்னும் ஆசை இருந்தால் பேரப்பிள்ளையின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து தொடங்குங்கள்.

பெண்களுக்குப் படிப்பு என்பதை நம் பக்கத்தில் முதலில் தொடங்கியது கன்னியாஸ்திரிகளா? கட்டுரைப் போட்டிக்காகக் கேட்கிறேன்.
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

'முதலில்' என்று எழுதாதே, மகளே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். அவர் லுத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்தவர். கத்தோலிக்கத் துறவியரில் குளுனி புனித சூசையப்பர் சபையினர் 1827இல் உன் ஊருக்கு வந்தார்கள். 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சகோதரிகள் நான்கு பேர் சென்னையில் இறங்கினார்கள். 1862இல் போர்தோவின் திருக்குடும்ப சபையினர் யாழ்ப்பாணம் போனார்கள்.

ஆனால் நான் உன் இடத்தில் இருந்தால் 1844ஐ எழுதுவேன். அந்த வருஷம் புதுச்சேரியில் ஆயர் பொன்னான் கூட்டிய திருச்சபை மன்றத்தில் பெண்கல்வி பற்றிப் பேச்சு வந்தது. படித்த பெண் என்றால் தேவதாசிதான், குடும்பப் பெண்ணுக்கு எழுத்து ஆகாது என்ற எண்ணம் ஊறியிருந்த காலம். அதே வருஷம் லூயி சவினியன் துப்புய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். கற்பிக்க வேண்டியவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. இந்த மண்ணின் பெண்களே வாசிக்கக் கற்று, துறவு பூண்டு, ஆசிரியைகளானார்கள். துப்புய் மிஷன் அச்சகத்தை நடத்தியவர், மூசே பாதிரியாருடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அந்த முதல் தமிழ்ப் பெண்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்? ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் குடும்பப் பெண்ணாக இருக்கத் துணிந்தவர்கள் அவர்கள். அந்த சபை உன் ஊரிலேயே இருப்பதால் நேரில் போய்க் கேள். கட்டுரைக்கு அவர்கள்தான் வேண்டும்.

என் மகள் பிளஸ் டூ முடித்ததும் மடத்தில் சேரப்போகிறேன் என்கிறாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

அழுங்கள் அம்மா, என் அம்மாவும் அழுதார். ஆனால் அவள் முன்னால் தினமும் அழாதீர்கள். உங்கள் கண்ணீருக்குப் பயந்து நின்றுவிட்டாலும் தவறு, வீம்புக்காகப் போனாலும் தவறு.

பயப்படுகிற அளவுக்கு அவசரம் எதுவும் இல்லை. நாளைக்கே கதவு சாத்திவிடமாட்டார்கள். முதலில் ஆயத்த நிலை, வந்து பார்க்கும் காலம். பிறகு நவதுறவகம் என்னும் துறவுப் பயிற்சிக் காலம், அது குறைந்தது 12 மாதம். அதற்குப் பிறகு கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு தற்காலிகமானதுதான். குறைந்தது 3 ஆண்டு, வழக்கமாக 6 ஆண்டு வரை, தேவைப்பட்டால் 9 ஆண்டு வரை நீளும். நித்திய வார்த்தைப்பாடு அதன் பின்னால்தான். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் அவள் விரும்பினால் வீட்டுக்கு வரலாம். சபையும் இவளுக்கு இது ஏற்றதல்ல என்று சொல்லலாம்.

என் கருத்தைக் கேட்டால், டிகிரி முடித்துவிட்டுப் போகட்டும். விடுதியில் தங்கிப் படிக்கட்டும், கூடப் படிக்கும் பிள்ளைகளோடு உலகத்தைப் பார்க்கட்டும். உண்மையான அழைப்பு மூன்று வருஷத்தில் கரைந்துவிடாது. நடுவில் அந்த சபையின் வீட்டுக்கு நீங்களும் ஒருநாள் போய், அங்கே மூத்த சகோதரிகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவேளை அவள் திரும்பி வந்தால், 'மடத்திலிருந்து வந்தவள்' என்று உறவினர் யாரும் சொல்ல விடாதீர்கள். என்னோடு நவதுறவகத்தில் இருந்த ஒருத்தி வீடு திரும்பினாள். சொந்தக்காரர்களின் பேச்சுக்குப் பயந்து சொந்த ஊர்த் திருவிழாவுக்கே பல வருஷம் போகவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, இது என் வழி அல்ல என்று நேர்மையாகச் சொன்ன பெண்ணுக்கு நாம் செய்த அநியாயம் அது.

நாங்கள் இந்துக்கள். கான்வென்ட்டில் மறைக்கல்வி வகுப்பில் உட்கார வைப்பார்களா?
– வாசகர், ஆரணி

நான் வேலைபார்த்த பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. காலைக் கூட்டத்தில் பொதுவான ஜெபம் இருக்கும். சந்தேகம் இருந்தால் சேர்க்கும்போதே நேராகக் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது.

எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டரை இருபது வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறேன். மாற்றலாகி இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். என்ன வாங்கிப் போகலாம்?
– வாசகி, ஓசூர்

புடவை வேண்டாம், ஸ்வீட் பெட்டியும் வேண்டாம். பலருக்குச் சர்க்கரை. அவர் ஒருவருக்கென்று எது கொடுத்தாலும் பொதுவில்தான் வைப்பார். அதனால் எல்லோருக்குமாக ஆரஞ்சுப் பழம், பெரிய எழுத்து ஜெபப் புத்தகம், பெட்ஷீட் இப்படி எதையாவது கொண்டுபோங்கள். முன்னதாகப் போன் செய்துவிட்டு நான்கு மணிக்குப் போங்கள். அதற்கு முன் தூங்குவார்கள், ஆறு மணிக்கு மேல் ஜெபத்துக்குப் போய்விடுவார்கள். போனதும் உங்கள் பெயரையும், எந்த வருஷம், எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்பதையும் சொல்லிவிடுங்கள். "என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு நிற்க வைக்காதீர்கள். பழைய வகுப்புப் போட்டோ இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள், பக்கத்துக் கட்டில் சிஸ்டர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.