வள்ளி கும்மி: செயலி சரி என்கிறது, ஆசிரியர் இல்லை என்கிறார்

பெருந்துறையில் உங்களோடு வள்ளி கும்மி பழகும் இரண்டு பேருடைய வீடியோவைப் பார்த்துச் செயலி ‘அசைவு ஒன்றுதான்’ என்று நல்ல மதிப்பெண் போடுகிறது, ஆசிரியரோ ஒட்டவே இல்லை என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியரை நம்புங்க.

மூட்டுகளின் கோணத்தை எடுத்து, ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் நேரத்தை இழுத்துச் சுருக்கிப் பொருத்திவிட்டு ஒப்பிடும் செயலிகள் உண்டு. உங்களுடையதும் அப்படியென்றால் தாளம் பிசகியது அதில் தெரியவே தெரியாது. நம் கண்ணுக்கு அதுதான் சட்டென்று படும். குனிந்து கைதட்டி நிமிரும் இடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள்: ஒருவர் வெடுக்கென்று நிமிர்வார், இன்னொருவர் இழுத்து நிமிர்வார், நிற்கும் நிலை ஒன்றாக இருந்தாலும் ஆட்டம் வேறு. அசைவை வைத்தே நம் கண் எவ்வளவு பிடித்துவிடும் என்பதற்கு ஒரு சான்று: சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் யோஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுகளில் இருந்த ஒளிப்பொட்டுகள் மட்டும் தெரியும்படி படம் காட்டினார். அசையாதபோது வெறும் பொட்டுகள், நடந்ததும் அது மனிதன் என்று பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்புறம், செயலியில் வேகத்தையும் ஒப்பிட வழி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையா, மூன்று பேர் ஆடிய துணுக்குகளை ஆடத் தெரிந்த சிலரிடம் காட்டி ‘இதில் எந்த இரண்டு ஒட்டுது?’ என்று கேளுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.