பச்சை முக்கோணம் எதற்கு உத்தரவாதம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூஞ்சாணக்கொல்லி பாக்கெட்டில் பச்சை முக்கோணம் இருக்கிறது. 'பச்சைன்னா ஒண்ணும் பண்ணாது, வெறுங்கையாலயே கலக்கலாம்' என்கிறார் கடைக்காரர். சரிதானா?

சரியில்லை. ஒரே தடவையில் உடம்புக்குள் போனால் எவ்வளவு நஞ்சு என்பதை மட்டுமே அந்த நிறம் காட்டும். நிறத்தை முடிவு செய்வது எல்.டி.50 என்ற எண். சோதனை எலிகளில் பாதியைக் கொல்லும் அளவுதான் அது. வாய்வழியே, உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. வரை என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கும் மேலே போனால் பச்சை. தோல்வழிக்குத் தனி அளவு உண்டு: 200, 2,000, 20,000.

வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. மேங்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லியையே பாருங்கள். எலிகளில் அதன் வாய்வழி எல்.டி.50 5,000 மி.கி.க்கு மேல், அளவுகோலின்படி பச்சை. ஆனால் அது சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தயோயூரியா தைராய்டைப் பாதிக்கும். இனப்பெருக்கத்துக்கும் ஹார்மோன்களுக்கும் கேடு என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

தெளிப்பதைவிடக் கலக்கும் நேரம்தான் ஆபத்து. மருந்து நீர்க்காத நிலையில் கையில் படும். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போடுங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், அது வெறுங்கையைவிட மோசம். தூள் மருந்து என்றால் முகமூடியும் வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று கலக்குங்கள். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றும் முன்பே அதன் வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: இந்தச் சோதனைகளை அரசு செய்கிறதா, கம்பெனியா?

பெரும்பாலும் கம்பெனி, தன் செலவில். இந்த மருந்துகளைப் பதிவு செய்து அனுமதி தரும், ஃபரிதாபாதில் உள்ள அரசுப் பதிவுக் குழு அந்த அறிக்கைகளை வாங்கிப் பரிசீலிக்கிறது. எலிச் சோதனையை மறுபடி நடத்துவதில்லை. லக்னோவில் நச்சியல் ஆராய்ச்சிக்கென்றே அரசு நிறுவனம் ஒன்று இருந்தாலும், ஒவ்வொரு மருந்தும் அங்கே போவதில்லை.

இதில் எங்கே ஓட்டை விழும் என்பதை அமெரிக்காவின் ஐ.பி.டி. ஆய்வகம் காட்டியது. பல கம்பெனிகளுக்குச் சோதனை நடத்திய அங்கே, செத்த எலிகளுக்குப் பதில் புது எலிகளை வைத்ததும், செய்யாத பரிசோதனைக்கு எண்கள் எழுதியதும் 1976இல் தொடங்கிய விசாரணையில் அம்பலமாயின. 1983இல் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 'நல்ல ஆய்வக நடைமுறை' விதிகள் பிறந்ததில் இந்த ஊழலுக்குப் பெரிய பங்கு உண்டு: மூலக் குறிப்பேடுகளைப் பாதுகாக்க வேண்டும், சோதனை செய்பவரைச் சாராத தரப்பிரிவு மேற்பார்க்க வேண்டும். பொய்க் கணக்கை இது பெருமளவு தடுக்கும். ஆனால் எந்தக் கேட்டைத் தேட வேண்டும் என்று திட்டமிடும்போதே விட்டுவிட்டால், ஒழுங்கான குறிப்பேடும் அதைக் காட்டாது.

கேள்வி: உணவில் தினமும் சேரும் மருந்து எச்சத்துக்கு 'பாதுகாப்பான அளவு' எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

விலங்குகளில் பாதிப்பே தெரியாத அதிகபட்ச தினசரி அளவை எடுத்து, பொதுவாக 100ஆல் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்கு 10. விலங்கில் கிலோவுக்கு 1 மி.கி. என்றால் மனிதருக்கு 0.01, 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 0.6 மி.கி. இது ஒரு மருந்துக்கான கணக்கு. ஒரே டேங்கில் மூன்றைக் கலந்து அடித்தால் அந்தக் கலவைக்கென்று சோதனை நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: முழு விவரம் எங்கே கிடைக்கும்?

தயாரிப்பாளரிடம் 'பாதுகாப்புத் தகவல் தாள்' கேளுங்கள். 16 பிரிவுகள் இருக்கும்: முதலுதவி 4இல், கையுறை, முகமூடி விவரம் 8இல், நச்சுத்தன்மை 11இல். பிரிவு 11இல் எல்.டி.50 மட்டும் போட்டு, நீண்டகால விளைவுக்கு 'தரவு இல்லை' என்றிருந்தால், சோதித்துப் பாதுகாப்பானது என்று கண்டதாக அர்த்தமில்லை.