டக்டோயாக்டக் சாலை: வந்த கூட்டமும் தங்காத காசும் (கேள்வி பதில்)

கனடாவின் வடமேற்குப் பிரதேசச் சட்டமன்றத்தில் வடகோடி உறுப்பினர்கள் மாறி மாறிக் கிளப்பும் பிரச்சினை: சிற்றூர்களின் பொருளாதாரமும் சுற்றுலாவும். அதைப் பற்றி, முக்கியமாக ஆர்க்டிக் கடலோரத்து டக்டோயாக்டக் (சுருக்கமாக டக்) ஊரைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: ஒரு எம்.எல்.ஏ. எழுந்து "எங்கள் ஊரைக் கவனியுங்கள்" என்றால் அங்கே ஏதாவது நடக்குமா, வெறும் பேச்சுதானா?

ப: நம் ஊர்ச் சட்டமன்றத்தை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். அங்கே கட்சி கிடையாது. 19 பேரும் தனித்து நின்று ஜெயித்தவர்கள். முதல்வரையும் ஆறு அமைச்சர்களையும் அவர்களே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். சபாநாயகரைக் கழித்தால் அமைச்சரவைக்கு வெளியே 11 பேர்; உள்ளே 7 பேர். வெளியே இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்தால் பட்ஜெட்டே கவிழும். அதனால் தனி உறுப்பினரின் பேச்சுக்குக் கனம் உண்டு.

முதலில் இரண்டரை நிமிட அறிக்கை படிப்பார். பிறகு கேள்வி நேரத்தில் அதே விஷயத்தை வைத்து அமைச்சரைப் பிடிப்பார். இலையுதிர்காலக் கூட்டத்தில் கட்டுமானச் செலவு மதிப்பீடு வரும், குளிர்காலக் கடைசியில் முழு பட்ஜெட். கழிவறை, படகுத்துறை கேட்பவர் இலையுதிர்காலத்தில் வாயைத் திறக்காவிட்டால் அந்த வருடம் போனதுதான்.

கே: அண்ணை, ஸ்கார்பரோவில இருந்து ஜூலையில டக் மட்டும் காரில போகலாமோ?

ப: போகலாம் தம்பி. யூகான் பிரதேசத்து டாசன் அருகே, வடக்கே போகும் டெம்ப்ஸ்டர் சாலை தொடங்கும் முனையில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த பெட்ரோல் 369-வது கிலோமீட்டரில், ஈகிள் பிளெய்ன்ஸில். பிறகு ஃபோர்ட் மெக்ஃபர்சன், இனுவிக். இனுவிக்கிலிருந்து டக் வரை சுமார் 138 கி.மீ., நடுவில் ஒன்றுமே இல்லை. முழு அளவு ஸ்டெப்னி டயர் இரண்டு வேண்டும். டிக்கியில் கிடக்கும் மெல்லிய தற்காலிக டயர் உதவாது. சாலையில் கிடப்பது பலகைப் பலகையாக உடையும் கூரான கல், டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும், ஒட்டுப்போட முடியாது. தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். மழை பெய்தால் அது சேறாகி ரிம்முக்குள் இறுகி, சக்கரம் உதறத் தொடங்கும். அன்றன்றே கழுவிவிடுங்கள்.

கே: வாடகைக் காரில்?

ப: ஒப்பந்தத்தைப் படியுங்கள். சரளைச் சாலையில் ஓட்டத் தடை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

கே: டக் நுனாவுட்டில்தானே இருக்கிறது?

ப: இல்லை. நுனாவுட் 1999 ஏப்ரல் 1-இல் பிரிந்துபோனது. டக் இருப்பது வடமேற்குப் பிரதேசத்தின் நுனாக்புட் தொகுதியில். பெயர்தான் குழப்புகிறது.

கே: சாலை வந்தால் ஊர் செழிக்கும். 2017-இல் சாலை வந்துவிட்டது. இன்னும் என்ன புலம்பல்?

ப: சாலை எதற்காகப் போடப்பட்டது என்று பாருங்கள். கடலடி எண்ணெய், எரிவாயு வரும் என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு பெரிய காரணம். 2016 டிசம்பரில் ஆர்க்டிக் கடலில் புதிய துளையிடல் உரிமங்களுக்கு ஒட்டாவா (மத்திய அரசு) தடை போட்டது. சாலை திறந்தது 2017 நவம்பர் 15. சுமார் 30 கோடி டாலர் போட்ட சாலையில் எண்ணெய் லாரிக்குப் பதில் வந்தது சுற்றுலா வேன். ஊரில் இருப்பவர்கள் சுமார் 900 பேர்.

வேனில் வருகிறவர் கடலில் காலை நனைக்கிறார், பலகை முன் படம் எடுக்கிறார், இனுவிக்குக் கிளம்பிவிடுகிறார். அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் இனுவிக்கில் விழுகிறது, குப்பை டக்கில் விழுகிறது.

கே: (அதே நபர்) குப்பைத்தொட்டி வைக்கத் துப்பில்லாத ஊராட்சிக்கு எம்.எல்.ஏ. வக்காலத்தா?

(இன்னொருவர்) கடைக்காரருக்கு வியாபாரம் நடக்கிறதே. அந்த வரியில் கட்டட்டும்.

ப: எந்த வரியில்? பிரதேசத்துக்கென்று விற்பனை வரியே இல்லை. 5 சதவீத மத்திய ஜி.எஸ்.டி. மட்டும், அது ஒட்டாவாவுக்குப் போகிறது. கடையில் எவ்வளவு விற்றாலும் விற்பனை வரி என்று ஊராட்சிக்கு ஒரு காசு வராது.

அடுத்து, தண்ணீர். நிலத்துக்கடியில் நிரந்தர உறைபனி என்பதால் தெருக்குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கழிவுத் தொட்டி. ஒரு லாரி ஊற்றிவிட்டுப் போகும், இன்னொரு லாரி உறிஞ்சிக்கொண்டு போகும். பொதுக் கழிவறை திறந்தால் அதற்கும் இதே இரண்டு லாரி, ஓட்டுநர், டீசல். போதாததற்கு ஆர்.வி. (படுக்கை, கழிவறையோடு கூடிய வீட்டு வண்டி) வண்டிக்காரர்கள் தங்கள் கழிவுத் தொட்டியையும் காலி செய்ய இடம் கேட்கிறார்கள். குப்பைத்தொட்டி வைப்பது சுலபம். அள்ளுகிற சம்பளத்தை யார் தருவது? ஒரே சமயத்தில் கரையைக் கடல் அரிக்கிறது, முனையிலிருந்த சில வீடுகளை உள்ளே நகர்த்தியாயிற்று. அந்தச் செலவுக்கும் இதே கைதான் நீள வேண்டும்.

ஆகவே உறுப்பினர் கேட்க வேண்டியது விளம்பரக் காசு இல்லை. லாரிக் காசு.

கே: உள்ளூர்க்காரர்களே படகுச் சுற்றுலா நடத்திச் சம்பாதிக்கலாமே?

ப: நடத்துகிறவர்கள் உண்டு. பிரதேச அரசின் சுற்றுலா நடத்துநர் உரிமம், படகுக்கு மத்தியப் போக்குவரத்துத் துறையின் பாதுகாப்பு விதிகள், விபத்துப் பொறுப்புக் காப்பீடு இவ்வளவும் வேண்டும். இனுவியாலுயிட் மக்களின் நிலத்தில் கால்வைக்க 1984 ஒப்பந்தப்படி அவர்களுடைய நில நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். பெரும்பாலும் இடறுவது காப்பீட்டில். கோடையில் சில வாரமே ஓடும் படகுக்குப் பிரீமியம் கட்டினால் லாபம் கரைந்துவிடும். அரசின் தொழில்முனைவோர் உதவித் திட்டத்தில் கேட்கலாம், ஆனால் விண்ணப்பத்தை எழுதித்தர ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளையும் உறுப்பினர் அரசிடம் கேட்க வேண்டும் என்பேன்.

கே: தொகுதியின் மற்ற ஊர்கள்?

ப: நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. உலுக்ஹாக்டோக் சுமார் 400 பேர், பவுலாடுக் 300, சாக்ஸ் ஹார்பர் 100. மூன்றுக்கும் சாலை இல்லை. ஆளுக்கு விமானம், சரக்குக்குக் கோடையில் பார்ஜ் (தட்டைச் சரக்குப் படகு). 2018-இல் கடல் பனி வழிவிடாமல் பவுலாடுக் பார்ஜ் ரத்தாகி, சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. டக்கில் கூட்டம் அதிகம் என்பது கவலை. இங்கே ஆளே வருவதில்லை என்பது கவலை. பவுலாடுக் பக்கம் டுக்டுட் நோகைட், சாக்ஸ் ஹார்பர் இருக்கும் பாங்க்ஸ் தீவில் ஔலாவிக் என்று தேசியப் பூங்காக்கள் இருந்தும், வாடகை விமானச் செலவைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். உலுக்ஹாக்டோக் அச்சோவியத்துக்குப் பெயர்பெற்ற ஊர். படம் மட்டும் தனியாகப் பயணம் போகும் என்பதால் அதற்கு அந்தத் தொல்லை குறைவு.

கே: ஒரு ஸ்டெப்னி போதாதா?

ப: மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு.

கே: ஜூலையில் அரோரா (இரவு வானத்து வடதுருவ ஒளி) தெரியுமா?

ப: ஜூலையில் வானம் இருட்டவே இருட்டாது. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு பாருங்கள்.

கே: பிங்கோ மேல் ஏறலாமா?

ப: வேண்டாம். பிங்கோ என்பது நிலத்தடிப் பனிக்கட்டி மேலே தள்ளி எழுப்பிய குன்று. டக் அருகே உள்ள இப்யுக் பிங்கோ 49 மீட்டர் உயரம், உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. மேலே இருக்கும் புல்லும் மண்ணும்தான் அதற்குப் போர்வை. செருப்புத் தடத்தில் அது கிழிந்தால் உள்ளே உருகத் தொடங்கும். படகிலிருந்தோ கரையிலிருந்தோ பாருங்கள்.

கே: நவம்பரில் போகலாமா? டயர் இரண்டு எடுத்துக்கொள்கிறேன்.

ப: டயர் ஆற்றைக் கடக்காது. வழியில் குறுக்கிடும் பீல் ஆற்றிலும் மெக்கன்சி ஆற்றிலும் பாலம் கிடையாது. கோடையில் கட்டணமில்லாத பெர்ரி, குளிர்காலத்தில் பனிப்பாதை. ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டுமே இல்லை. நவம்பரில் பெரும்பாலும் அந்த இடைவெளிதான். பிரதேச அரசின் நெடுஞ்சாலை நிலவரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டாசனிலிருந்து கிளம்புங்கள்.