எண்ணிக்கை தவறாத மனுஷன்

ஆழமான இறைப்பற்று கொண்ட அப்பாவிடம் வளர்ந்தவர்கள், அவர் போன பிறகு அவரை எதை வைத்து நினைத்துக்கொள்வார்கள்? எனக்கு 53 என்ற எண்ணை வைத்துத்தான்.

அப்பா மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எங்கு பார்த்தாலும் மாங்கன்று நர்சரிதான். பழ சீசன் முடிகிற ஜூன், ஜூலையில் கூழ் ஃபேக்டரிகளிலிருந்து மாங்கொட்டை லோடு லோடாக வரும். அதை முளைக்கப் போட்டு, செடி செம்பு நிறத் தளிரோடு நிற்கும்போதே தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, பெங்களூராவோ செந்தூராவோ மல்கோவாவோ, வேண்டிய ஜாதியின் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருக வேண்டும். பட்டையோடு பட்டை சேர வேண்டும். மேலே பிளாஸ்டிக் நாடா சுற்றி முடிச்சு. இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள்ளேயோ கொஞ்சம் கூடவோ முடியும்.

அந்த நேரத்துக்குள் அப்பா ஒரு மரியே வாழ்க செபம் சொல்லி முடிப்பார். பிளக்கும்போது ஆரம்பம், முடிச்சில் ஆமென். ஜெபமாலையில் இந்தச் செபத்துக்கு ஐந்து பத்துகள், முன்னால் மூன்று, ஆக 53 மணி. ஒரு ஜெபமாலை முடிந்தால் 53 கன்று. சாயங்காலம் நர்சரிக்காரர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து "எத்தனை?" என்றால், "ஆறு ஜெபமாலை, மேல ரெண்டு பத்து" என்பார். நர்சரிக்காரர் வேதக்காரர் (கிறிஸ்தவர்) இல்லை, ஆனாலும் அவரே பெருக்கிக் கூட்டி 338 என்று எழுதிக்கொள்வார். மற்றவர்களின் கன்றுகளை வரிசையில் போய் எண்ணுவார். அப்பாவுடையதை எண்ண மாட்டார்.

அதுவும் இப்போது எல்லாரும் சொல்கிற "அருள் நிறைந்த மரியே" இல்லை. 1960களில் நடந்த கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து, பழைய செபங்களின் வார்த்தைகளும் மாறின. அப்பா மட்டும் பாட்டி சொல்லிக்கொடுத்த "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"வை விடவில்லை. வீட்டில் ராத்திரி களி தின்ற கையோடு முழந்தாளில் நின்று ஜெபமாலை சொல்லும்போது நாங்கள் ஒரு தமிழில் சொல்வோம், அவர் இன்னொரு தமிழில் சொல்வார். ஆமெனில் சந்தித்துக்கொள்வோம். தம்பி இரண்டாம் பத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

2002இல் போப் இரண்டாம் ஜான் பால் ஜெபமாலையில் பத்துக்கு ஒன்றாகத் தியானிக்கிற நிகழ்ச்சிகளோடு, ஒளியின் மறைபொருள்கள் என்று ஐந்தைப் புதிதாகச் சேர்த்து வியாழக்கிழமைக்கு வைத்தார். சாமியார் பிரசங்கத்தில் இதைச் சொன்ன அன்று அப்பா வீடு வரை வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை என்றால் பழையவற்றில் ஒன்றான சந்தோஷ தேவ ரகசியம் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லி வந்தவர். கடைசியில் என்னிடம் கேட்டார், "கண்ணு, ஒரு நாளைக்குச் சொல்ற மணி கூடுதா?" கூடவில்லை, அதே 53தான் என்றேன். "அப்ப சரி."

எங்கள் ஊரில் வேதக்காரர் வீடு ஐந்தாறுதான். அம்மா எலத்தகிரிப் பக்கம், கத்தோலிக்கர் நிறைந்த ஊரிலிருந்து வந்தவர். கல்யாணமான புதிதில் காலையில் கோவில் மணி கேட்காமல் அழுகை வந்ததாம். அதற்கு அப்பா செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வெண்கலச் சொம்பைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, காலை ஐந்தரைக்குக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குப் போவாராம். பக்கத்து வீட்டில் எருமை மிரளுகிறது என்று சண்டைக்கு வரும்வரை இது நடந்திருக்கிறது. இருவருடைய கல்யாண போட்டோவிலும் வாய் இறுக மூடியிருக்கும். கோபமெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு, அப்பாவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. அவர் வாயை மூடிக்கொண்டதும், அவருக்குத் துணையாக அம்மாவும் மூடிக்கொண்டாராம்.

சீசனில் அம்மா கூழ் ஃபேக்டரிக்குப் போவார். பழம் வெட்டுகிற வேலை, ராத்திரி ஷிப்ட் விட ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். அப்பா சைக்கிளில் போய் அழைத்து வருவார். போகும் தூரம் சரியாக ஒரு ஜெபமாலை என்பார். ஒரு தடவை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். இருட்டில் முணுமுணுப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபேக்டரி விளக்கு தெரியும்போது ஐந்தாம் பத்து. திரும்பும்போது நான் முன் பாரில், அம்மா பின்னால், அப்பாவிடமிருந்து ஒரு செபமும் கிடையாது. மாம்பால் பட்டு வெந்த கையைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, கூட வேலை செய்த பெண்ணின் நாத்தனாரைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே வருவார். அப்பா "ம்... ம்..." என்று மிதித்துக்கொண்டு வருவார். "ஏம்ப்பா, திரும்பறப்ப செபம் சொல்லலை?" என்று மறுநாள் கேட்டேன். "அம்மா பேசறப்ப எப்படிச் சொல்றது?" என்றார், நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. கோவிலுக்கு வருகிற ஒருவருக்கு, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் கட்டவில்லை. ஆறு வருஷம் எங்கள் வீடு கட்டியது. தம்பியின் பாலிடெக்னிக்குக்கு எடுத்து வைத்திருந்த பணம் முதலில் போனது. அம்மா மூன்று வாரம் அப்பாவோடு பேசவில்லை. ஞாயிறு பூசையில் சமாதானம் பகிரச் சொல்லும்போது அப்பா அந்த ஆள் பக்கம் திரும்பிக் கைகூப்புவார். அம்மா அதே நேரத்தில் சூசையப்பர் சுரூபத்தைப் பார்த்துக் கும்பிடுவார். எனக்கு இன்றைக்கும் அம்மா கட்சிதான். மன்னிப்பது அவர் இஷ்டம், ஆனால் தம்பியின் படிப்பை எடுத்து மன்னிக்க அவருக்கு என்ன உரிமை? இதை அவரிடமே ஒரு நாள் கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை. அந்த சீசன் முழுக்க அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரியும் ஒட்டுக் கட்டினார். சாயங்காலக் கணக்கு ஒன்பது ஜெபமாலை, பத்து ஜெபமாலை என்று வந்தது. தம்பி அடுத்த வருஷம் சேர்ந்தான். ஆனால் கோவிலுக்குப் போவதை அதோடு நிறுத்திவிட்டான். அப்பா அவனை வா என்று ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. அவன் செருப்பு வாசலில் கிடந்தால் ஜெபமாலையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான்.

அப்பா ஊரைத் தாண்டிப் போனதே குறைவு. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மறைமாவட்டமானபோது, முதல் ஆயரை (பிஷப்பை) பார்க்க மூன்று கன்றுகளோடு பஸ் ஏறினார். கூட்டத்தில் ஆயர் கிட்டேயே போக முடியவில்லையாம். கன்றுகளைப் பேராலயத் தோட்டக்காரரிடம் கொடுத்து, எவ்வளவு ஆழத்தில் குழி எடுக்க வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்தார். அவை பிழைத்தனவா தெரியாது.

கடைசியில் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் அசைந்தது. சாமியார் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கான நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. கொஞ்சம் உருட்டும், நிற்கும், மறுபடி உருட்டும்.

"ஜெபமாலை சொல்றாரு," என்றார் அம்மா.

"இல்லம்மா. நாடா சுத்தறாரு, பாரு," என்றான் தம்பி. வேலைக்குச் சேரும்வரை அவனும் லீவு நாளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கட்டியவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் விரலைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். இருபத்தேழு வரை எண்ணினேன். அப்புறம் நர்ஸ் டிரிப்ஸ் மாற்ற வந்து, அந்தக் கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்துவிட்டார்.