பீரோவுக்குள் இருக்கும் போன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். மகன் பத்தாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. பக்கத்து ஊரில் ஒரு பிள்ளையின் போட்டோவை யாரோ ஏஐ வைத்து அசிங்கமாக மாற்றி அனுப்பினார்களாம். கேள்விப்பட்ட அன்றே வீட்டுக்காரர் பிள்ளைகளின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மகனோ சாட்ஜிபிடி இல்லாமல் வீட்டுப்பாடம் ஓடாது என்கிறான். அவர் செய்தது சரிதானே? தை மாதம் மகளுக்குச் சடங்கு. பேனர், பந்தல் என்று வேலை கிடக்கிறது. அதற்குள் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.

ம., மேலூர் வட்டம்

அன்புள்ள ம.,

போனை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு போட்டோ கிடைத்தால் போதும், இந்த வேலையைச் செய்துவிடுவார்கள். அது அத்தை வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தும் கிடைக்கும், டியூஷன் குரூப்பில் இருந்தும் கிடைக்கும். பிள்ளையின் போனைப் பூட்டி அதைத் தடுக்க முடியாது. பூட்டியதில் பிள்ளைகள் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டிருப்பார்கள்: வீட்டில் சொன்னால் போன் போய்விடும். படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். "உங்க அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்ற ஒரு வரியை நம்பித்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. "என்ன நடந்தாலும் வந்து சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்கவும் மாட்டேன்" என்று வீட்டுக்காரர் தன் வாயால் பிள்ளைகளிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அந்த எடை இருக்காது.

பிள்ளை வந்து சொல்லிவிட்டால் அடுத்த அரை மணி நேரம் முக்கியம். பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. கொடுத்தால் கேட்பது கூடும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் பண மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். அந்தப் பணம் அவன் கணக்கிலிருந்து வேறு கைக்குப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. பதற்றத்தில் எல்லோரும் செய்கிற தவறு, எல்லாவற்றையும் அழித்துவிடுவது. மிரட்டல் வந்த சாட்டையும் அவனுடைய ப்ரொஃபைல் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யூசர்நேம், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். டெலிகிராம் என்றால் இன்னும் அவசரம். அங்கே எதிராளி நினைத்தால் இரண்டு பக்கமும் சாட்டை அழித்துவிட முடியும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிளாக்.

அந்த அசிங்கமான படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், சாட்சிக்கு என்று தம்பிக்கும் மச்சானுக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். அனுப்புகிறவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பது பிறகு விளக்க வேண்டிய சங்கதி ஆகிவிடும். போனை அப்படியே போலீசிடம் காட்டினால் போதும். "ஏஐ செய்த பொய்ப் படம்தானே" என்று யாராவது சமாதானம் பேச வந்தால் கேட்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்சோ சட்டம், குழந்தையைக் காட்டுவது போலத் தோன்றும்படி உருவாக்கிய, மாற்றிய படத்தையும் சேர்த்தே சொல்கிறது.

மதுரையில் மாநகரத்துக்கும் புறநகர் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம். நீங்கள் புறநகர் மாவட்டத்தில் வருவீர்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். ஆனால் பெயரில்லாப் புகார் என்ன ஆயிற்று என்று பின்தொடர முடியாது. பெயரோடு கொடுப்பதே நல்லது. பிள்ளை மனம் உடைந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல் போன குழந்தைகளுக்கான மையம் நடத்துவது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை போல ஓர் எண் மட்டும் போகும். அதில் சேர்ந்துள்ள இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை அந்த எண்ணோடு ஒத்துப்போகும் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை இது எட்டாது.

போன் அமைப்புகளுக்குப் பத்து நிமிடம் போதும். வாட்ஸ்அப் பிரைவசியில் ப்ரொஃபைல் போட்டோ, குரூப்ஸ் இரண்டையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். பிளே ஸ்டோர் பேரண்டல் கன்ட்ரோலுக்கு ஒரு பின் வையுங்கள். அது மகளின் பிறந்த வருடமாக இருந்தால் வைத்தும் பயனில்லை. இரவு எல்லார் போனும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து.

இனி மகன். சாட்ஜிபிடி 13 வயதுக்கு மேல்தான், 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. செட்டிங்ஸில் டேட்டா கன்ட்ரோல்ஸ் போய் 'இம்ப்ரூவ் தி மாடல்' என்பதை அணைத்துவிடட்டும்; அவன் எழுதுவதை அந்த நிறுவனம் ஏஐக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொள்வதற்கான அனுமதி அது. ஆதார், மதிப்பெண் பட்டியல், கூடப் படிக்கிற பிள்ளைகளின் படம் எதையும் அதற்குள் போடக் கூடாது.

தடை போட்டால் நண்பன் போனில் கேட்பான். அதைவிட, பத்தாம் வகுப்பு தமிழில் வருகிற அலகிடுதலை (செய்யுளின் சீரை நேர், நிரை என்று அசைகளாகப் பிரிப்பது) வைத்து அவனே சோதித்துப் பார்க்கட்டும். 'எழுத்தெல்லாம்' என்ற சீரை அலகிடச் சொல்லட்டும். எழுத் / தெல் / லாம்: நிரை, நேர், நேர், ஆகவே புளிமாங்காய். அது சில நேரம் சரியாகச் சொல்லும். சில நேரம் தேமாங்காய் என்று கூசாமல் சொல்லி, அதற்கு ஒரு விளக்கமும் கொடுக்கும். காரணம் எளிது. அது நம்மைப் போல எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. சொல்லைத் தனக்கு வசதியான துண்டுகளாக வெட்டி, அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணிக்கிறது. அந்தத் துண்டுக்கும் நம் அசைக்கும் உறவே இல்லை. ஒரு முறை தப்பாகச் சொல்லிப் பிடிபட்டால், வரலாற்று விடையையும் பாடநூலோடு வைத்துப் பார்க்கும் புத்தி அவனுக்குத் தானாக வரும். முதலில் தன் கையால் எழுதிவிட்டு, "விடை சொல்லாதே, எங்கே தப்பு என்று கேள்வியாகக் கேள்" என்று அதனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வு வைக்கிற வாத்தியார் மாதிரி அது நன்றாகவே வேலை செய்யும்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், சடங்கு பேனர் என்று. நம் பக்கத்து ஃப்ளெக்ஸில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: ஆளுயரத்துக்குப் பிள்ளையின் முகம், முழுப்பெயர், அப்பா பெயர், ஊர், மண்டபம், தேதி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற எவனும் அதை ஒரு கிளிக்கில் எடுத்துக்கொள்ளலாம். பேனர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் படத்தை எடுத்துவிட்டுத் தாய்மாமன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். மாமனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.